சிக்ரியில் விஞ்ஞானியாக வேண்டும்: மாணவர்களும் வீட்டாரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடிப் பக்கம் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்துகிறேன். இந்த ஊரில் பிள்ளைகளிடம் "என்னவாகப் போகிறாய்?" என்று கேட்டால், டாக்டர், கலெக்டர் இரண்டுக்கும் அடுத்தபடியாக வருகிற பதில் "சிக்ரி விஞ்ஞானி", அதாவது இங்கே இருக்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் விஞ்ஞானி. அந்தக் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டே சைக்கிளில் பள்ளிக்கு வருகிற பிள்ளைகள். ஆசை வருவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் சுவருக்கு உள்ளே போக எத்தனை வருடம் ஆகும், எந்தப் பரீட்சை எழுத வேண்டும், எந்த வயதுக்குள் எழுத வேண்டும் என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை.

வகுப்பு முடிந்த பிறகும், கல்யாணப் பந்தியிலும், பஸ் நிறுத்தத்திலும் என்னிடம் வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். விண்ணப்பிக்கிற ஆண்டில் வெளிவரும் அறிவிப்பில் என்ன இருக்கிறதோ அதுவே செல்லும்.

டீச்சர், சிக்ரியில் என்னதான் செய்கிறார்கள்? பேட்டரி மட்டும்தானா?

மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைத்தான் நாம் சிக்ரி என்கிறோம். சி.எஸ்.ஐ.ஆர். எனப்படும் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் 37 ஆய்வகங்களில் இதுவும் ஒன்று. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் டெல்லியும் பம்பாயும் இருக்க இது நம் ஊருக்கு வந்தது. 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கலன்று, ஜனவரி 14இல், டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார்.

பேட்டரி அங்கே ஒரு பகுதிதான். இரும்பு துருப்பிடிப்பதைத் தடுப்பது, மின்முலாம் பூசுவது, உப்புநீரிலிருந்து குளோரினும் காஸ்டிக் சோடாவும் பிரிப்பது, எரிபொருள் கலன்கள், உணரிகள் என்று பல பிரிவுகள் இருக்கின்றன. மின்சாரமும் வேதிவினையும் சந்திக்கிற இடமெல்லாம் அவர்கள் எல்லைக்குள் வரும். பாம்பன் பக்கம் போனால் உப்புக் காற்று இரும்பை என்ன பாடு படுத்துகிறது என்று தெரியும். மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளை வெயிலிலும் காற்றிலும் நீண்ட காலம் வைத்துப் பார்த்து, எந்தப் பூச்சு தாங்குகிறது என்று கணக்கெடுத்தவர்கள் இந்த ஆய்வகத்தார்தான்.

எந்த குரூப் எடுத்தால் அங்கே போகலாம்? நான் கணக்கு இல்லாத குரூப் எடுத்துவிட்டேன், எல்லாம் போயிற்றா?

போகவில்லை. வேதியியல், இயற்பியல், கணிதம் மூன்றும் இருந்தால் எல்லாக் கதவும் திறந்திருக்கும். கணிதம் இல்லாவிட்டால் பொறியியல் கதவு சாத்திக்கொள்ளும், பி.எஸ்சி. வேதியியல் பல கல்லூரிகளில் கிடைக்கும். ஆனால் கணக்கிலிருந்து தப்பித்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். பட்டப்படிப்பின் இயற்பிய வேதியியலில் வகையீடும் தொகையீடும் வந்து நிற்கும். கல்லூரியில் துணைப்பாடமாகக் கணிதம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சோதனை சொல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் ஒன்பதாவது பாடம் மின்வேதியியல். நெர்ன்ஸ்ட் சமன்பாட்டை மனப்பாடம் செய்து ஐந்து மதிப்பெண் வாங்குவது வேறு. "செறிவை மாற்றினால் மின்னழுத்தம் ஏன் மாறுகிறது?" என்று எழுந்து கேட்பது வேறு. கேட்கிற பிள்ளைக்கு இந்தத் துறை பொருந்தும்.

பி.டெக். நல்லதா, பி.எஸ்சி. நல்லதா? பி.எஸ்சி. என்றாலே சொந்தக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

முகம் சுளிப்பவர்கள் யாரும் கட்டணம் கட்டப்போவதில்லை. இரண்டு வழியும் உள்ளே போகும். பி.எஸ்சி., எம்.எஸ்சி., பி.எச்டி. என்பது ஒரு வழி. பி.டெக். முடித்து எம்.டெக். அல்லது நேரடியாக பி.எச்டி. போவது இன்னொன்று. சிக்ரி வளாகத்திலேயே அண்ணா பல்கலைக்கழக இணைப்போடு வேதி மற்றும் மின்வேதிப் பொறியியல் பி.டெக். நடக்கிறது. நாட்டில் இப்படியொரு படிப்பு அரிது. நம் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாமலே இருப்பதுதான் எனக்கு வருத்தம்.

எதைத் தேர்ந்தெடுப்பது? வினை ஏன் நடக்கிறது என்பதில் மனம் போனால் பி.எஸ்சி. அதே வினையைத் தொழிற்சாலை அளவில் எப்படி ஓட்டுவது என்பதில் மனம் போனால் பி.டெக். இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள்: நான்கு வருடத்தில் நிறுத்த நேர்ந்தால் பி.டெக். பட்டத்துக்கு வேலை சுலபமாகக் கிடைக்கும். பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் ஆய்வுக்கூட உதவியாளர், தரக்கட்டுப்பாடு என்ற அளவில் நிற்க வேண்டியிருக்கும். குடும்ப நிலைமை தெரிந்து முடிவெடுங்கள்.

நாங்கள் தமிழ் வழியில் படித்தவர்கள். ஆங்கிலம் சரளமாக வராதவனுக்கு அங்கே இடம் உண்டா?

உண்டு, ஆனால் ஆங்கிலம் வாசிக்க வராமல் முடியாது. ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் தகுதிக்குமான நெட் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது. ஆய்வுக் கட்டுரைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. பேச்சுச் சரளம் நேர்முகத் தேர்வு நெருங்கும்போது வந்தால் போதும். வாசிப்பு முதலாண்டிலேயே தொடங்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கில வழிப் பாடநூலையும் பக்கத்தில் வைத்து, தமிழில் படித்த பாடத்தை அதில் ஒருமுறை வாசிக்கச் சொல்கிறேன். பொருள் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் மொழி தானாகப் பிடிபடும். செய்தவர்கள் மூன்று மாதத்தில் பயம் தெளிந்துவிடுகிறார்கள்.

மொத்தம் எத்தனை வருடம் ஆகும்? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

பிளஸ் டூ முடித்ததிலிருந்து பதினொன்று முதல் பதினான்கு வருடம்.

இந்தப் பக்கத்தில் மற்ற எதை மறந்தாலும் பின்வரும் கணக்கை மறக்காதீர்கள். சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்களில் 'விஞ்ஞானி' என்ற தொடக்கநிலைப் பணிக்குப் பொதுப் பிரிவில் உச்ச வயது 32. ஓ.பி.சி. பிரிவுக்கு 3 வருடமும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவுகளுக்கு 5 வருடமும் தளர்வு உண்டு. இப்போது அந்த 32லிருந்து பின்னோக்கி வாருங்கள். வெளிநாட்டிலோ வேறொரு நிறுவனத்திலோ முதுமுனைவர் ஆய்வு (பி.எச்டி.க்குப் பிறகு செய்யும் ஆய்வு) இரண்டு வருடம்: 30. பி.எச்டி. ஐந்து வருடம், பலருக்கு ஆறு: 24 அல்லது 25. எம்.எஸ்சி. இரண்டு: 22 அல்லது 23. பி.எஸ்சி. மூன்று: 19 அல்லது 20. பிளஸ் டூ முடிக்கும்போது உங்களுக்கு 17 அல்லது 18. மிஞ்சுவது இரண்டு வருடம், மிகவும் சிக்கனமாகப் போனால் மூன்று.

அந்த மிச்சத்தை எங்கே செலவழிப்பது என்பதுதான் திட்டம். நீட் எழுதுகிறேன் என்று பிளஸ் டூ முடிந்ததும் ஒரு வருடம், எம்.எஸ்சி. முடிந்ததும் "பார்க்கலாம்" என்று ஒரு வருடம் கரைந்துவிட்டால், கடைசியில் ஆய்வு ஓர் ஆறு மாதம் இழுத்தாலும் கை பிசைய வேண்டிவரும். என் யோசனை: அந்த மிச்ச வருடங்களைத் தொடக்கத்தில் தொடாதீர்கள். பி.எச்டி.யின் முடிவுக்காக வைத்திருங்கள். தாமதம் பெரும்பாலும் அங்கேதான் வரும், அதுவும் நம் கையில் இல்லாத காரணங்களால் வரும்: கருவி பழுது, கட்டுரையைத் திருப்பி அனுப்பிய இதழ், ஆய்வேட்டை மாதக்கணக்கில் வைத்திருக்கும் வெளித் தேர்வாளர். ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டாலே விண்ணப்பிக்க அனுமதிக்கும் அறிவிப்புகளும் வருகின்றன. ஆகவே பட்டம் வாங்கிய நாளைவிடச் சமர்ப்பித்த நாள் முக்கியம்.

நெட், கேட், ஜாம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது எதற்கு?

ஜாம் பி.எஸ்சி. கடைசி ஆண்டில் எழுதுவது. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கு. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரி பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு கியூட் முதுநிலைத் தேர்வு இருக்கிறது. இரண்டையும் எழுதலாம். வெளியே போக முடியாதவர்களுக்கு நம் அழகப்பா பல்கலைக்கழகத்திலேயே தொழிலக வேதியியல் துறை இருக்கிறது.

கேட் எம்.டெக்., பி.எச்டி. சேர்க்கைக்கு உதவும் தேர்வு. அது பொறியியலாருக்கு மட்டும் என்பது தவறான எண்ணம். வேதியியலுக்கும் தாள் உண்டு. மதிப்பெண் மூன்று வருடம் செல்லும்.

சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வுதான் நம் பாதையின் நடுக்கதவு. வேதி அறிவியல் தாள் மூன்று மணி நேரம், 200 மதிப்பெண், தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். முதல் பகுதி தர்க்கத் திறனும் கணக்கும். இதை நம் பிள்ளைகள் அலட்சியம் செய்துவிட்டு நான்கைந்து மதிப்பெண்ணில் வாய்ப்பை விடுகிறார்கள். உயர்ந்த மதிப்பெண்ணில் தேறினால் ஜே.ஆர்.எஃப். எனும் உதவித்தொகை. அடுத்த நிலையில் உதவிப் பேராசிரியர் தகுதி. அதற்கும் கீழே பி.எச்டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி. ஜே.ஆர்.எஃப். வாங்க வயது வரம்பு உண்டு. உதவிப் பேராசிரியர் தகுதிக்குக் கிடையாது. எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டிலேயே எழுதத் தொடங்குங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை நடத்தப்படும் தேர்வு என்பதால் முதல் முயற்சி போனால் குடி முழுகாது.

அதுவரை வீட்டுக்கு என்ன பதில் சொல்வது? அப்பா ஆத்தங்குடியில் டைல் பட்டறையில் வேலை பார்க்கிறார்.

நியாயமான கேள்வி. முதல் ஐந்து வருடத்தைக் குறைந்த செலவில் கடந்துவிட்டால், பிறகு படிப்பே சம்பளம் தரும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் கல்லூரிக் காலம் முழுக்க மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பொறியியல் போனால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும். அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. என்றால் கட்டணம் ஒரு பொருட்டே இல்லை.

ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய், அதோடு வீட்டு வாடகைப்படியும் உண்டு. 2023 ஜனவரியிலிருந்து இதுதான் அளவு. ஐந்து வருடம் வரை வரும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: இந்தப் பணம் மாதம் தவறாமல் வராது. சில மாதங்கள் நின்று, பிறகு மொத்தமாக வரும். ஆகவே அந்தத் தொகையை நம்பி மாதத் தவணைக்கு வண்டி எடுப்பது, வீட்டுக் கடனுக்குக் கையெழுத்துப் போடுவது வேண்டாம். விஞ்ஞானியாகச் சேர்ந்தால் அடிப்படைச் சம்பளம் 67,700 ரூபாயில் தொடங்கும், படிகள் தனி.

உள்ளே ஒரு நாள் வேலை எப்படி இருக்கும்? புதிது புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டே இருப்பார்களா?

பெரும்பாலான நாள் துடைப்பார்கள், காய வைப்பார்கள், காத்திருப்பார்கள். கேலியாகச் சொல்லவில்லை. கண்ணாடிக் கரி மின்முனை என்று பென்சில் தடிமனில் ஒரு குச்சி இருக்கும். அதன் நுனியில் சின்னக் கறுப்பு வட்டம். ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன்னால் அலுமினாப் பொடியை ஈரத் துணியில் தூவி, அந்த நுனியை எட்டு எழுதுவதுபோல் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும், முகம் தெரிகிற பளபளப்பு வரும் வரை. விரல் ஓரிடத்தில் அதிகம் அழுத்தினால் வரைபடம் கோணும். பி.எச்டி. மாணவரின் முதல் மாதங்கள் இதிலேயே போகும்.

பேட்டரிப் பிரிவு என்றால் எடை இயந்திரத்தில் போடும் பொத்தான் மின்கலம்போல ஒன்றைக் கையால் செய்வார்கள். குறுக்களவு 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். பொடியையும் கரியையும் பசையையும் கலந்து மாவாக்கி, உலோகத் தாளில் மெல்லிசாக இழுத்து, இரவு முழுக்க வெற்றிட அடுப்பில் உலர்த்தி, வட்டமாக வெட்டுவார்கள். லித்தியத்துக்கு ஈரம் ஆகாது. அதனால் ஆர்கான் வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள், அதன் சுவரிலேயே பொருத்திய தடித்த ரப்பர் கையுறைக்குள் கைவிட்டு, இடுக்கியால் தட்டுத் தட்டாக அடுக்கி மூட வேண்டும். மூடிய பிறகு சோதனை. பத்து மணி நேரம் மின்னேற்றம், பத்து மணி நேரம் மின்னிறக்கம் என்று மெதுவாக ஓட்டினால் நூறு சுற்றுக்கு இரண்டாயிரம் மணி நேரம், கிட்டத்தட்ட மூன்று மாதம். நாற்பதாவது சுற்றில் கலன் செத்தால் மறுபடியும் மாவிலிருந்து தொடங்க வேண்டும். இதைக் கேட்டு "அப்படியா, அடுத்த கலனில் எதை மாற்றுவார்கள்?" என்று கேட்கிறவர்கள் மேலே படிக்கலாம்.

இந்த வேலை எனக்குப் பிடிக்குமா என்று முன்னதாகவே எப்படித் தெரிந்துகொள்வது?

செப்டம்பர் 26 சி.எஸ்.ஐ.ஆர். நிறுவன நாள். அதையொட்டி ஆய்வகங்களைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிடுவது வழக்கம். கூட்டத்தோடு போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பாதீர்கள். ஒரே ஒரு பிரிவில் நின்று, விளக்கம் சொல்லும் ஆராய்ச்சி மாணவரிடம் "உங்களுக்கு இதில் அலுப்பான வேலை எது?" என்று கேளுங்கள். அந்தப் பதிலில் கிடைப்பது எந்தக் கையேட்டிலும் கிடைக்காது.

கல்லூரியில் சேர்ந்த பிறகு, இந்திய அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். இரண்டு மாதம் ஓர் ஆய்வகத்தில் இருக்கலாம். எம்.எஸ்சி. திட்டப்பணியை உங்கள் கல்லூரியிலேயே ஒப்புக்கு முடித்துவிடாமல் வெளி ஆய்வகத்தில் செய்யப் பாருங்கள். அந்தச் சில மாதங்களில் பிடிக்கவில்லை என்று தெரிந்தால் அதுவும் லாபம்தான், ஐந்து வருடம் மிச்சம்.

பி.எச்டி.க்கு நல்ல வழிகாட்டி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நம் ஊரில் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிப்பதுபோல விசாரிக்க வேண்டும். அவருடைய புகழை விசாரிக்காதீர்கள். அவரிடம் முன்னால் படித்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள், நடுவில் விட்டுப் போனவர்கள் உண்டா என்று விசாரியுங்கள். மாணவர்களுக்கு ஏழு வருடம் ஆகிற ஓர் ஆய்வுக்குழுவில் சேர்ந்தால், மேலே போட்ட வயதுக் கணக்கு அப்போதே உடைந்துவிடும்.

சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்களில் பி.எச்டி. பட்டத்தை ஆக்சிர் எனும் அமைப்பு தருகிறது. 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. அதன் சேர்க்கை அறிவிப்பில் எந்த ஆய்வகத்தில் எந்தப் பாடத்துக்கு இடம் என்று வரும். சேருவதற்கு முன் அந்தந்த வழிகாட்டியின் கடைசி ஐந்து வருடக் கட்டுரைகளில் நான்கைந்தையாவது புரட்டிப் பார்த்துவிட்டு நேர்முகத்துக்குப் போங்கள்.

சிக்ரியிலேயே பி.எச்டி. முடித்தால் அங்கேயே வேலை நிச்சயம்தானே?

இல்லை. என்னிடம் வருகிற கேள்விகளில் அதிக ஏமாற்றம் தருகிற பதில் இதுதான். பி.எச்டி. செய்த ஆய்வகம் வேலை தரக் கடமைப்பட்டதல்ல. விஞ்ஞானி இடங்கள் அகில இந்திய அளவில் அறிவிக்கப்பட்டு, குறிப்பிட்ட துறைக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் நிரப்பப்படுகின்றன. உங்களுக்கு 31 வயதாகிற ஆண்டில், உங்கள் துறையில், காரைக்குடியில் இடம் அறிவிக்கப்பட வேண்டும். இத்தனையும் ஒன்றாகக் கூடிவருவதை நம்பி ஒரு வாழ்க்கையைத் திட்டமிட முடியாது.

ஆகவே கனவைக் கட்டடத்தின் பெயரில் வைக்காமல் வேலையின் பெயரில் வையுங்கள். மின்வேதியியல் தெரிந்தவருக்குச் சென்னைத் தோல் ஆய்வகம், புனே தேசிய வேதியியல் ஆய்வகம், ஹைதராபாத் இந்திய வேதித் தொழில்நுட்ப நிறுவனம், பாவ்நகர் உப்பு ஆய்வகம், ஜாம்ஷெட்பூர் உலோகவியல் ஆய்வகம் என்று சி.எஸ்.ஐ.ஆருக்குள்ளேயே பல இடங்கள். கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி மையத்தில் அரிமானப் பிரிவு (துருப்பிடித்தலை ஆராய்வது). திருவனந்தபுரத்தில் விண்வெளி மையத்தில் பேட்டரிப் பிரிவு. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளிக்கு எம்.எஸ்சி. முடித்ததுமே விண்ணப்பிக்கலாம். ஆனால் அங்கே பொதுப் பிரிவுக்கு வயது 26, அதாவது பி.எச்டி.க்கு முன்பே கடந்துபோகிற கதவு. அதனால்தான் எம்.எஸ்சி. கடைசி ஆண்டில் அதையும் எழுதிவையுங்கள் என்கிறேன்.

ஆய்வகத்தில் ஒப்பந்தத்தில் ப்ராஜெக்ட் வேலை கிடைத்திருக்கிறது. சேர்ந்தால் நிரந்தரமாகிவிடுமா?

ஆகாது. நியமனக் கடிதத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கும், வாசித்துப் பாருங்கள். ஆனால் நெட் தேர்வுக்குப் படித்துக்கொண்டே கருவிகளில் கை பழக ஒரு வருடம் இருப்பதென்றால் நல்ல இடம். இரண்டாவது வருடம் தொடங்கும்போது நெட் தேறியிருக்க வேண்டும், அல்லது வேறு வழி பார்க்க வேண்டும். நீட்டிப்பு மேல் நீட்டிப்பாக முப்பது வயதைத் தொட்டவர்களைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. வேலை தெரியும், ஆனால் விண்ணப்பிக்கப் பட்டம் இருக்காது.

டீச்சர், என் மகள் படிப்பது சந்தோஷம்தான். ஆனால் இருபத்தெட்டு வயதுவரை கல்யாணம் முடிக்காமல் வைத்திருக்க முடியுமா?

ஆச்சிமார் கேட்கிற கேள்வி இது, சில சமயம் அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டே கேட்கிறார்கள். கல்யாணம் செய்தால் பி.எச்டி. நிற்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஆராய்ச்சி மாணவிகளுக்கு மகப்பேறு விடுப்பு உண்டு. நிச்சயதார்த்தத்துக்கு முன்பே பேச வேண்டியதைப் பேசிவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்: எந்த ஊரில் ஆய்வகம், இன்னும் எத்தனை வருடம், அதுவரை யார் எங்கே இருப்பது. சீர்வரிசைக்குப் பட்டியல் எழுதுகிற வீடுகளில் இதற்கும் ஒரு தாள் எழுதலாம்.

இடைவெளி விட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ்-கிரண் திட்டம் பெண்கள் மறுபடி ஆய்வுக்கு வருவதற்கானது. ஜே.ஆர்.எஃப். வயது வரம்பில் பெண்களுக்கு 5 வருடத் தளர்வு உண்டு. ஆனால் அதே தளர்வு விஞ்ஞானிப் பணிக்கும் வரும் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டும் வேறு வேறு அறிவிப்புகள், வேறு வேறு கணக்கு.

ஒரே பையன். காரைக்குடியை விட்டு வெளியே அனுப்ப மனம் இல்லை. இங்கேயே இருந்து சாதிக்க முடியாதா?

பி.எஸ்சி.யிலிருந்து பி.எச்டி. வரை காரைக்குடியிலேயே முடிக்க முடியும், உண்மைதான். ஆனால் தேர்வுக் குழு ஒரே ஊரில் ஒரே குழுவோடு பத்து வருடம் இருந்தவரிடம் "சொந்தமாக என்ன யோசித்தீர்கள்?" என்றுதான் முதலில் கேட்கும். எம்.எஸ்சி., பி.எச்டி., முதுமுனைவர் ஆய்வு மூன்றில் ஒன்றாவது வெளியே இருப்பது நல்லது.

செட்டிநாட்டில் இந்தப் பேச்சு வேடிக்கையானது. பதினைந்து வயதுப் பையனை, வட்டிக்கடையில் தொழில் பழகும் பெட்டியடிப் பையனாக ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பல் ஏற்றிவிட்ட ஊர்கள் இவை. மூன்று வருடக் கணக்கு முடித்துத் திரும்பி, மறுபடியும் போய், அடுத்தாளாகி, மேலாளாகி வந்தார்கள். கானாடுகாத்தான் வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்கள் அந்தக் கணக்கில் வந்தவை. அந்தப் பையன்களுக்கு மாதம் ஒரு கடிதம் வந்தால் அதிர்ஷ்டம். இன்று புனேயில் இருக்கிற மகனோடு தினமும் முகம் பார்த்துப் பேசலாம்.

டிப்ளமா, ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கு உள்ளே வழியே இல்லையா?

இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. பத்தாம் வகுப்பும் ஐ.டி.ஐ.யும் முடித்தவர்களுக்கு டெக்னீசியன் பணி, அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாய். டிப்ளமா அல்லது பி.எஸ்சி. முதல் வகுப்பில் முடித்து, அறிவிப்பில் கேட்கும் அனுபவமும் இருப்பவர்களுக்கு டெக்னிக்கல் அசிஸ்டென்ட், 35,400 ரூபாய். இரண்டுக்கும் பொதுப் பிரிவு உச்ச வயது 28. நிரந்தர மத்திய அரசு வேலை. பி.எஸ்சி. முடித்து நெட் பாதையில் போகிறவர்கள்கூட இதற்கு விண்ணப்பித்து வைக்கலாம் என்பது என் கருத்து. வேலையில் சேர்ந்த பிறகு அனுமதி பெற்று மேலே படித்தவர்கள் உண்டு. பணியில் இருப்பவர்களுக்கு விஞ்ஞானி அறிவிப்புகளில் வயதுத் தளர்வு தரப்படுவதும் வழக்கம்.

எங்களுக்கு பி.சி. சான்றிதழ் இருக்கிறது. அப்படியென்றால் ஓ.பி.சி. தளர்வு தானாக வந்துவிடுமா?

வராது. இதில் சறுக்குகிறவர்கள் அதிகம். தமிழ்நாட்டின் பி.சி., எம்.பி.சி. பட்டியல் வேறு, மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியல் வேறு. உங்கள் சாதியின் பெயர் மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வட்டாட்சியர் அலுவலகத்தில் மத்திய அரசுப் படிவத்தில் தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும். வசதியான பிரிவில் இல்லை என்பதும் அதில் இருக்க வேண்டும். பழைய சான்றிதழை ஏற்க மாட்டார்கள். எந்தத் தேதிக்குள் வாங்கியது செல்லும் என்று அறிவிப்பிலேயே எழுதியிருக்கும். பொருளாதாரத்தில் நலிந்த பிரிவுச் சான்றிதழுக்கு இட ஒதுக்கீடு மட்டும்தான், வயதுத் தளர்வு கிடையாது.

அறிவிப்பை வாசிக்கும்போது இன்னொன்று: "அவசியத் தகுதி" என்ற பத்தியில் உங்கள் பட்டத்தின் பெயர் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். தொழிலக வேதியியல் பட்டம் வைத்திருப்பவர் 'வேதியியல்' என்று மட்டும் கேட்கும் அறிவிப்புக்கு விண்ணப்பித்தால், நிகரானது என்று பல்கலைக்கழகத்திடம் கடிதம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. கடைசி வாரத்தில் அந்தக் கடிதத்துக்காக ஓட முடியாது.

எனக்கு முப்பது ஆகிவிட்டது. பி.எச்டி. இன்னும் சமர்ப்பிக்கவில்லை. இனி என்ன செய்வது?

முதலில் ஆய்வேட்டை முடியுங்கள். இன்னொரு கட்டுரை வரட்டும், இன்னொரு பரிசோதனை செய்துவிடலாம் என்று தள்ளாதீர்கள். வழிகாட்டியிடம் தேதி போட்டுப் பேசுங்கள். சமர்ப்பித்த பிறகு 32 வரை வருகிற ஒவ்வொரு விஞ்ஞானி அறிவிப்புக்கும், எந்த ஊராக இருந்தாலும், விண்ணப்பியுங்கள். இளம் ஆராய்ச்சியாளர்களுக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் ஆசிரிய உதவித்தொகைக்கும் பொதுப் பிரிவு வரம்பு 32தான். தேசிய முதுமுனைவர் உதவித்தொகைக்கு 35. அனுபவத்தோடு சேரும் முதுநிலை விஞ்ஞானிப் பணிக்கு 37. ஆகவே 32 தாண்டினால் எல்லாக் கதவும் மூடிவிடாது, முதல் கதவுதான் மூடும்.

கூடவே தொழில்துறைப் பக்கமும் திரும்பிப் பாருங்கள். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் பேட்டரி ஆலைகள், மேட்டூரிலும் சாகுபுரத்திலும் காஸ்டிக் சோடா ஆலைகள், கோவையில் மின்முலாம் பட்டறைகள் எல்லாம் மின்வேதியியல் தெரிந்தவரைத் தேடுகின்றன. அங்கே வயதைக் கேட்பதில்லை, "இந்த மின்முனை ஏன் ஆறே மாதத்தில் தேய்கிறது?" என்று கேட்பார்கள். பதில் தெரிந்தவருக்கு மரியாதையும் சம்பளமும் தனியாகக் கிடைக்கும்.

நடுவில் ஆசையே மாறிவிட்டால்? இத்தனை வருடமும் வீண்தானே?

பிளஸ் டூ பிள்ளைகள் இதைக் கேட்பதில்லை. எம்.எஸ்சி. படிப்பவர்கள்தான் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். மாறலாம். பதினேழு வயதில் எடுத்த முடிவுக்கு இருபத்து மூன்று வயதுக்காரர் கட்டுப்பட வேண்டியதில்லை. எம்.எஸ்சி.யோடு பி.எட். சேர்த்தால் முதுநிலை ஆசிரியர். நெட் தகுதி இருந்தால் கல்லூரி. காப்புரிமை அலுவலகத்தில் ஆய்வாளர் பணிக்கு அறிவியல் முதுகலைப் பட்டம் போதும். தரக்கட்டுப்பாட்டு ஆய்வகங்கள் எங்கும் இருக்கின்றன.

ஒரு வேறுபாட்டை மட்டும் கவனியுங்கள். ஒரு தேர்வில் தோற்ற வாரத்தில் வருகிற "வேண்டாம்" வேறு, ஆய்வுக்கூடத்தில் எல்லாம் நன்றாக நடந்த நாளிலும் வருகிற "வேண்டாம்" வேறு. முதலாவது என்றால் அடுத்த தேர்வுக்கு விண்ணப்பக் கட்டணம் கட்டிவிட்டு வந்து என்னைப் பாருங்கள். இரண்டாவது என்றால் தயங்காமல் வீட்டில் சொல்லுங்கள். சொல்லத் தயக்கமாக இருந்தால் நானும் கூட வருகிறேன்.